ஆர்மோனியமும் ஐந்து விரல்களும்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறுவதற்கு இரண்டு பாதைகள் உண்டு. ஒன்று நகரின் வடபுறமாகப் புறப்பட்டு, 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி, விரைவில் மலைமேல் கொண்டுபோய் விட்டுவிடும். மற்றொன்று அயோத்தியாப்பட்டணத்தைத் தொட்டுக் குப்பனூர் வழியாகச் சேர்வராயன் மலையைச் சுற்றிக்கொண்டு ஏறும். அவசரக்காரர்கள் முன்னதையே நாடுவார்கள். ஆனால் மழைக்காலத்தில் மண் சரிந்து அந்தப் பாதை அடைபட்டுவிட்டால், குப்பனூர்ப் பாதைதான் ஏறத்தாழ 5,000 அடி உயரத்திலுள்ள ஏற்காட்டுக்குக் கைகொடுக்கிறது.

ஆர்மோனியம் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறவர்களுக்கும் இதேபோல் இரண்டு பாதைகள் இருக்கின்றன. குப்பனூரைப் போன்ற அடிவாரத்துக் கிராமங்களில், மார்கழி பஜனைக்கும் புரட்டாசிச் சனிக்கிழமைக்கும் பயன்படுகிற ஆர்மோனியப் பெட்டி ஒன்று கோயிலிலோ பஜனை மடத்திலோ இருந்துவிட்டால் போதும். அதன் துருத்தியை ஒரு தரம் அசைத்துப் பார்த்த பையனோ பெண்ணோ பிறகு அதை விட்டு எளிதில் அகல மாட்டார்கள். அப்போது அவர்கள் கேட்கும் கேள்விகள் இரண்டு. முதலில் எந்தப் பாட்டை வாசிக்கலாம்? விரல்களுக்கு வலுவேற என்ன செய்ய வேண்டும்?

பார்வைக்கு இவை இரண்டு கேள்விகளாகத் தோன்றினாலும் உண்மையில் ஒன்றேதான். முதல் முதலில் எந்த உருப்படியை எடுத்துக்கொள்கிறோமோ, அதுதான் விரலைப் பழக்குகிறது. அதுவேதான் காதையும் பழக்குகிறது. விரல் கெட்டால் ஆறு மாதத்தில் திருத்திக்கொள்ளலாம். காது கெட்டுப் போனால் திருத்துவது எளிதன்று. ஆகையால் இந்தச் சின்ன விஷயத்தைச் சற்று விஸ்தாரமாகவே கவனிப்போம்.

பித்தளை நாக்குகளின் குடும்பம்

ஆர்மோனியத்தின் பெட்டிக்குள்ளே இருப்பது என்ன? வரிசை வரிசையாகப் பித்தளை நாக்குகள். ‘ரீட்’ என்று கடைக்காரர்கள் சொல்வது இதைத்தான். காற்று வந்து மோதியதும் இந்த நாக்கு தன் சட்டத்திற்குள் முன்னும் பின்னும் அதிர்ந்து ஒலிக்கிறது. நீளமும் கனமும் மிகுந்த நாக்கு மந்தர ஸ்தாயியில் பேசும். குட்டை நாக்கு தார ஸ்தாயியில் பேசும்.

இந்தக் குடும்பத்தின் மூத்த பிள்ளை சீனாவின் ‘ஷெங்’ என்னும் வாய்க்கருவி. ஐரோப்பாவிலே சார்லஸ் வீட்ஸ்டன் என்னும் ஆங்கில விஞ்ஞானி 1829-ஆம் ஆண்டில் பெற்ற காப்புரிமையின் வழியில் வந்தது ‘கன்ஸர்டினா’. இரண்டு கைகளுக்கிடையே விசிறிபோல் இழுத்தும் அமுக்கியும் வாசிக்கிற ஆறுகோணச் சிறு பெட்டி அது. தந்திப் போக்குவரத்தில் பெயர் பெற்ற அதே வீட்ஸ்டன்தான் இவர். பாரிஸ் நகரத்து தெபேன் என்பவர் 1842-இல் ஆர்மோனியத்துக்குக் காப்புரிமை பெற்றார். அது நாற்காலியில் உட்கார்ந்து, காலால் மிதித்து, இரண்டு கைகளாலும் வாசிக்க வேண்டிய கருவி.

தரையில் சம்மணமிட்டு உட்காரும் நமக்கு அது எப்படிப் பொருந்தும்? கல்கத்தாவில் 1875-இல் தொடங்கிய துவார்க்கின் கம்பெனியின் ஸ்தாபகர் துவாரகாநாத் கோஷ், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அதற்கு வழி கண்டார். காலை எடுத்துவிட்டுப் பின்புறத்திலே கைத்துருத்தியை வைத்தார். இடக்கை காற்றூத, வலக்கை வாசிக்க, வாய் பாடலாயிற்று. அந்நிய தேசத்துச் சரக்கை வாங்கி, நம் உட்காரும் முறைக்கும் பாடும் முறைக்கும் ஏற்ப அதை நம்முடையதாக்கிக்கொண்ட சாமர்த்தியத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் காண்பது அரிது. குஜராத்திலுள்ள பாலிதானா நகரம் இன்று ஆர்மோனியத் தொழிலுக்குப் பெயர் பெற்று விளங்குகிறது.

ஒரு பழைய வழக்கு

இவ்வளவு சீரும் சிறப்புமாகக் குடியேறிய கருவிக்கு ஒரு பெரிய சோதனை வந்தது. 1940-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் முதல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தைத் தன் நிலையங்களிலிருந்து விலக்கிவைத்தது. மகாகவி தாகூர் சாந்திநிகேதனத்திலேயே அதற்கு இடம் தராதவர். வானொலியும் அதை விலக்குவதே நல்லது என்று அவர் எழுதினார். 1971-இல்தான் அந்தத் தடை தளர்ந்தது.

ஆர்மோனியத்தின் மீது சுமத்தப்பட்ட குற்றம் என்ன? நம் சங்கீதத்தின் உயிர் கமகம். ஒரு ஸ்வரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்வதும், ஒரே ஸ்வரத்தை அசைப்பதும் வீணைக்கும் பிடிலுக்கும் கைவந்த வித்தை. ஆர்மோனியத்துக்கோ கட்டைக்குக் கட்டை தாண்டத்தான் தெரியும். இடையிலே சஞ்சரிக்கத் தெரியாது. அதன் ஸ்வரங்களும் மேனாட்டு முறைப்படி ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காக்கி வைத்தவை. நம் காது தேடுகிற நுட்பமான சுருதி வேறுபாடுகள் அதில் அகப்படா.

குற்றச்சாட்டில் உண்மை உண்டு. ஆனால் வேடிக்கையைப் பாருங்கள். ஆர்மோனியத்தைக் கண்டாலே முகஞ்சுளிக்கிற வித்வானை, “தங்களுக்கு என்ன சுருதி?” என்று கேட்டால், “ஒன்றரைக் கட்டை” என்றோ “இரண்டு கட்டை” என்றோதான் பதில் சொல்வார். ஒன்றாம் கட்டை, ஐந்தரைக் கட்டை என்ற கணக்கெல்லாம் இந்தப் பெட்டியின் வெள்ளைக் கட்டைகளையும் கறுப்புக் கட்டைகளையும் எண்ணி வந்தவையல்லவா? வாசல் வழியே துரத்தப்பட்டது ஜன்னல் வழியே வந்து நடுக்கூடத்தில் உட்கார்ந்துகொண்டது!

நாடக மேடை அதைத் துரத்தவே இல்லை. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) காலத்துத் தமிழ் நாடகத்தில் ஆர்மோனியக்காரர்தான் பின்பாட்டின் நாயகர். எஸ். ஜி. கிட்டப்பா (1906–1933) மேடையில் பாடியபோது அவருடைய சகோதரர் காசி ஐயர் ஆர்மோனியம் வாசித்தார். ஒலிபெருக்கி இல்லாத அந்தக் காலத்தில், எட்டுக் கட்டுக்கும் கேட்கிற நாக்குகள் நடிகர்களுக்குப் பெரும் பலமாக இருந்தன. சேலம், தர்மபுரிப் பக்கத்துத் தெருக்கூத்தில் இன்றைக்கும் மிருதங்கத்துக்கும் முகவீணைக்கும் பக்கத்தில் ஆர்மோனியம் கொலுவிருக்கிறது. சினிமாவிலே எம். எஸ். விஸ்வநாதன் மெட்டமைத்ததும் இந்தப் பெட்டியை முன்னே வைத்துக்கொண்டுதான்.

ஆக, கருவியை விலக்குவதல்ல கேள்வி. கருவியின் குறை கற்பவனுடைய காதில் தொற்றிக்கொள்ளாமல் காப்பாற்றுவது எப்படி என்பதே கேள்வி. அதற்கு மருந்து முதல் உருப்படிகளைத் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது. முதலில் விரலைப் பார்த்துவிட்டு அதற்கு வருவோம்.

விரலுக்கு வலு என்றால் என்ன?

புதிதாகக் கற்பவர்களில் பலர் கட்டையை அமுக்குகிற விதத்தைக் கண்டால், அடியிலே எதையோ நசுக்குகிறார்கள் என்று தோன்றும். பத்து நிமிஷத்தில் மணிக்கட்டு வலிக்கிறது. உடனே, “என் விரலுக்கு வலு போதவில்லை” என்று தீர்மானித்துவிடுகிறார்கள்.

ஓர் உண்மையைத் தெரிந்துகொண்டால் பாதி வலி போய்விடும். பியானோவில் கட்டையை ஓங்கித் தட்டினால் ஒலி பெரிதாகும். ஆர்மோனியத்தில் அப்படியில்லை. இங்கே ஒலியைப் பெருக்குவதும் குறைப்பதும் துருத்தியின் காற்று. கட்டை செய்கிற வேலை கதவைத் திறப்பது ஒன்றுதான். கதவைத் திறக்க எவ்வளவு விசை வேண்டுமோ அதற்குமேல் செலவிடுகிற ஒவ்வொரு துளியும் வீண். கன்ஸர்டினாவின் பொத்தான்களுக்கும் இதே விதிதான்.

அப்படியானால் விரலுக்கு வேண்டிய வலு எது? எடுக்கும் வலு. கட்டையின் மேல் விரல் இருக்கும் வரையில் அந்த ஸ்வரம் ஒலித்துக்கொண்டே இருக்கும். வீணைத் தந்தியைப்போல் தானாகத் தேய்ந்து மறைவதில்லை. அடுத்த கட்டையைத் தொடும்போது முந்திய விரல் கணநேரம் பிந்தி எழுந்தாலும் இரண்டு ஸ்வரங்கள் ஒன்றாய்க் கலந்து கூச்சலிடும். முந்தி எழுந்துவிட்டாலோ இடையிலே ஓட்டை விழும். ஆகவே நல்ல விரல் என்பது பலமாக அழுத்தும் விரலன்று. நேரம் தவறாமல் விடை பெற்றுக்கொள்ளும் விரல்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. ஐந்து விரல்களும் சமமான சுதந்திரம் பெற்றவையல்ல. உள்ளங்கையை மேஜைமேல் கவிழ்த்து, நடுவிரலை மட்டும் உட்புறமாக மடக்கி வைத்துக்கொண்டு, மோதிர விரலைத் தூக்கிப் பாருங்கள். ஏறக்குறைய அசையவே அசையாது! விரல்களை மடக்கி நிமிர்த்தும் முக்கியமான தசைகள் முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து கயிறுகள்போல் தசைநாண்கள் விரல்களுக்கு ஓடுகின்றன. மோதிர விரலை நிமிர்த்தும் நாண் புறங்கையில் பக்கத்து நாண்களோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. எனவே அது தனியே எழுவதற்குக் கஷ்டப்படுவது சோம்பலால் அல்ல; உடலின் அமைப்பே அப்படி.

இந்த அமைப்போடு சண்டைக்குப் போனவர்கள் உண்டு. ஜெர்மன் தேசத்து சங்கீத மேதை ராபர்ட் ஷூமான் (1810–1856) இளமையில் வலக்கை விரலைச் சீர்படுத்த ஓர் இயந்திரத்தைப் பயன்படுத்தினார். இருபது வயது கடந்த சில ஆண்டுகளில் அந்தக் கை பியானோ வாசிக்கப் பயனற்றுப் போயிற்று. முழுப் பழியும் இயந்திரத்தைச் சேருமா என்பதில் மருத்துவர்கள் வேறுபடுகிறார்கள். ஆயினும், ரப்பர்ப் பந்தைப் பிசைந்தும் விரலில் கனம் கட்டியும் சங்கீதம் வந்துவிடும் என்று நினைப்பவர்கள் இந்தக் கதையை ஒரு தரம் நினைத்துக்கொள்வது நல்லது. விரலுக்கு ஏற்ற கஸரத்துக் கட்டையின் மேலேயே இருக்கிறது.

முதலில் மூச்சு

விரலைத் தொடுமுன் துருத்தியைத் தொட வேண்டும். பாடகனுக்கு மூச்சு எப்படியோ, ஆர்மோனியத்துக்குத் துருத்தி அப்படி.

ஒன்றாம் கட்டையை, அதாவது அந்த வெள்ளைக் கட்டையை ஸட்ஜமாக வைத்துக்கொண்டு, ஒரே விரலால் தொட்டுக்கொண்டிருங்கள். வாயினால் ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையையும் மெதுவாகச் சொல்லுங்கள். எட்டும் முடிகிற வரையில் ஒலி ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. குளத்து நீர்போல் அசையாதிருக்க வேண்டும். துருத்தியை முழுவதும் விரித்துப் படீரென்று மூடுகிறவர்களுக்கு இது வராது. சிறு சிறு அசைவாக, உள்ளே எப்போதும் கொஞ்சம் காற்று மிச்சமிருக்கும்படி ஊதினால் வரும்.

தாளத்துக்கு ஒரு தரம் துருத்தியை அடிப்பது புதிதாகக் கற்பவர்களின் வழக்கமான பிழை. அப்படிச் செய்தால் ஒவ்வொரு தட்டுக்கும் ஸ்வரம் திடுக்கிட்டு எழும். இடக்கை தாளத்தை மறந்துவிட வேண்டும். வலக்கை அதை மறக்கவே கூடாது. இரண்டு கைகளுக்கும் இப்படி இரண்டு குணங்களைக் கற்பிப்பதுதான் முதல் வாரத்தின் பாடம்.

புரந்தரதாஸர் போட்ட படிகள்

நமது சங்கீதத்திற்கு அரிச்சுவடி இட்டவர் பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த புரந்தரதாஸர் என்பது சம்பிரதாயம். ஸரளி வரிசை, ஜண்டை வரிசை, தாட்டு வரிசை, அலங்காரம், கீதம் என்ற படிவரிசை அவர் பெயரால் வழங்குகிறது. குரலுக்காக ஏற்பட்ட இந்தப் படிகள் ஆர்மோனியக்காரனுடைய விரலுக்கும் எவ்வளவு பொருத்தமாக அமைந்திருக்கின்றன என்பதைப் பார்த்தால் வியப்பாக இருக்கும்.

இந்த வரிசைகளுக்கு உரிய ராகம் பதினைந்தாவது மேளமாகிய மாயாமாளவகௌளை. ஒன்றாம் கட்டையில் ஸட்ஜத்தை வைத்து இந்த ராகத்தைக் கட்டைகளில் தேடிப் பாருங்கள். ஸ வெள்ளை, ரி கறுப்பு, க வெள்ளை, ம வெள்ளை. மேலே போனால் ப வெள்ளை, த கறுப்பு, நி வெள்ளை, மேல் ஸ வெள்ளை. முதற் பாதி எப்படியோ அப்படியே பிற்பாதி! இடைவெளிகளும் அச்சு மாறாமல் ஒன்றாகவே இருக்கின்றன. ஆகையால் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிர விரல் என்ற நான்கையும் ஸ ரி க ம-வில் ஒரு தரம் பழக்கிவிட்டால், அதே கையை அப்படியே தூக்கி ப த நி ஸ-வில் வைத்துவிடலாம். கற்க வேண்டியது ஒரே ஓர் அமைப்பு. கிடைப்பது ஒரு முழு ஸ்தாயி.

இது நன்றாகப் படிந்த பிறகு சுண்டுவிரலுக்கும் வேலை கொடுக்க வேண்டும். அப்போது ஸ ரி க என்று பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல்களால் ஏறி, பெருவிரலை நடுவிரலுக்கு அடியில் நுழைத்து ம-வில் வைத்து, அங்கிருந்து ஐந்து விரல்களையும் வரிசையாகப் போட்டால் சுண்டுவிரல் மேல் ஸட்ஜத்தில் போய் நிற்கும். இறங்கும்போது இதே வழியில் திரும்பி, ம-வில் பெருவிரல் இருக்க நடுவிரல் அதன்மேல் தாண்டிக் க-வைத் தொடும்.

அடுத்தது ஜண்டை வரிசை. ஸஸ ரிரி கக மம என்று ஒவ்வொரு ஸ்வரமும் இரட்டையாக வருகிறது. குரலிலே இரண்டாவது ஸ்வரத்துக்கு ஓர் அழுத்தம் கொடுப்பார்கள். ஆர்மோனியத்திலோ, முதல் ஸ்வரத்தை விட்டு எழுந்தால் அல்லாமல் இரண்டாவதை வாசிக்கவே முடியாது. விரல் எழுகிற வித்தையை இதைவிட நன்றாகக் கற்பிக்கிற பாடம் வேறில்லை. தாட்டு வரிசையில் ஸ்வரங்கள் அடுத்தடுத்து வராமல் தாண்டித் தாண்டி வருகின்றன. விரல்களுக்கிடையே உள்ள தூரத்தைக் கண்ணால் பாராமலே கை அளந்துகொள்கிறது. பிறகு ஏழு தாளங்களின் அலங்காரங்கள். இவற்றில் விரல் காலப்பிரமாணத்துக்குக் கட்டுப்படுகிறது.

மோதிர விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் தனியாக ஒரு சிறு பயிற்சி. ஒன்றாம் கட்டையிலிருந்து அடுத்தடுத்த ஐந்து வெள்ளைக் கட்டைகளின் மேல் ஐந்து விரல்களையும் அமர்த்துங்கள். சங்கராபரணத்தின் ஸ ரி க ம ப அங்கே இருக்கிறது. க ம ப ம, க ம ப ம என்று மெதுவாக வாசியுங்கள். வேலையில்லாத விரல்கள் கட்டையின் மேலே சும்மா தொட்டுக்கொண்டிருக்கட்டும். வானத்தை நோக்கி விறைத்து நிற்க வேண்டாம். நாளுக்கு மூன்று நிமிஷம் போதும். முதற் காலத்தில் ஒழுங்காக வராத எதையும் இரண்டாம் காலத்தில் வாசிக்கலாகாது. மூன்றாம் காலத்தின் ஆசையே வரக் கூடாது.

பழைய வாத்தியார்களின் வாயில் அடிக்கடி வந்த வார்த்தை ஒன்று உண்டு. “விரல் நோகிறது, ஐயா” என்று பையன் சொன்னால், “அமுக்காதே அப்பா, தொடு!” என்பார்கள். ஒரு புத்தகம் எழுதவேண்டியதை ஒரு சொல்லில் அடக்கிவிட்டார்கள். நோவு அப்படியும் நீங்காவிட்டால் அன்றைக்குப் பெட்டியை மூடிவிடுவதே சரி. வலியைப் பொறுத்துக்கொண்டு வாசிப்பது சாதகமன்று.

முதல் பாட்டு எது?

இப்போது தலையான கேள்விக்கு வந்துவிட்டோம்.

முதல் பாட்டுக்கு நான்கு லட்சணங்கள் வேண்டும். ஏற்கனவே வாய்க்குப் பழக்கமானதாக இருக்க வேண்டும். ஒரு ஸ்தாயிக்குள் பெரும்பாலும் அடங்க வேண்டும். மெதுவாக வாசித்தாலும் அழகு கெடாததாக இருக்க வேண்டும். நான்காவதுதான் மிகவும் முக்கியம்: கமகம் குறைந்த ராகத்தில் இருக்க வேண்டும்.

நான்காவதை ஏன் வற்புறுத்துகிறோம்? தோடியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் காந்தாரம் ஓரிடத்தில் நில்லாது. அசைவதே அதன் வடிவம். அதை ஆர்மோனியத்தில் ஒரே கட்டையாக அமுக்கிவிட்டு, ‘இதுதான் தோடி’ என்று ஒரு சிறுபிள்ளை நம்பத் தொடங்கினால், பிறகு உண்மையான தோடியைக் கேட்கும்போது அதற்கு அடையாளம் தெரியாது. பைரவிக்கும் இதே கதிதான். வானொலிக்காரர்கள் பயந்த அபாயம் இதுவே. தேர்ச்சி பெற்ற ஆர்மோனிய வித்வான் கட்டைகளை மின்னல்போல் மாற்றி அசைவின் சாயலைக் காட்டிவிடுவார். தொடங்குகிறவனுக்கு அது ஆகாது. ஆகவே கருவி பொய் சொல்லாமல் பேசக்கூடிய பாட்டுகளை அதன் வாயில் முதலில் கொடுக்க வேண்டும்.

அப்படிப்பட்டவற்றில் முதலாவது, மலஹரி ராகத்துக் கீதங்கள். மலஹரி மாயாமாளவகௌளையின் குழந்தை. ஏறும்போது ஐந்து ஸ்வரங்கள், இறங்கும்போது ஆறு. நிஷாதம் இல்லவே இல்லை. வரிசைகளில் பழகிய அதே கட்டைகள், அதே கை. ஸ்வரங்கள் நேராக நிற்கும். சாஹித்தியத்தின் எழுத்துகள் ஏறக்குறைய ஸ்வரத்துக்கு ஒன்றாக வருவதால், பாடிக்கொண்டே வாசிக்க இதைப்போல் வசதியானது வேறில்லை.

இரண்டாவது, முத்துஸ்வாமி தீக்ஷிதரின் நோட்டு ஸ்வரங்கள். தீக்ஷிதர் 1835-இல் மறைந்தார். கும்பெனியார் காலத்துச் சென்னைப் பட்டணத்தில் பாண்டு வாத்தியத்தில் கேட்ட மேனாட்டு மெட்டுகளுக்கு அவர் சம்ஸ்கிருத சாஹித்தியம் செய்து ஏறத்தாழ 40 சிறு உருப்படிகளை ஆக்கினார். அவருடைய தம்பி பாலுஸ்வாமி தீக்ஷிதர்தான் பிடிலை நம் சங்கீதத்திற்குக் கொண்டுவந்தவர். ‘சக்தி ஸஹித கணபதிம்’ என்பது இந்த வகையில் யாவரும் அறிந்தது. ‘சியாமளே மீனாக்ஷி’ என்பதன் மெட்டு, நட்சத்திரத்தைப் பற்றி நம் குழந்தைகள் பள்ளிக்கூடத்தில் பாடுகிற ஆங்கிலப் பாட்டின் மெட்டேதான். சங்கராபரணத்தின் ஸ்வரங்களில் அமைந்தமையால், ஒன்றாம் கட்டையில் இவற்றை வாசிக்கக் கறுப்புக் கட்டையைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. மேனாட்டு மெட்டு, மேனாட்டுக் கருவியின் வழித்தோன்றல், நம் தெய்வத்தின் நாமம். தீக்ஷிதர் ஆர்மோனியத்தைக் கண்டதில்லை. கண்டிருந்தால் இந்தப் பாடத்திட்டத்தையே போட்டிருப்பார் என்று தோன்றுகிறது.

மூன்றாவது, மோகனத்தில் ஒரு பாட்டு. குப்பனூரிலும் சரி, மலைமேல் ஏற்காட்டிலும் சரி, தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடத்தில் காலை வேளையில் நின்ற ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மோகனம் தெரியும். அதுதான் தமிழ்த்தாய் வாழ்த்து. மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளையின் வரிகளுக்கு எம். எஸ். விஸ்வநாதன் மோகன ராகத்தில், திஸ்ர நடையில் மெட்டமைக்க, 1970-இல் அரசாங்கம் அதை ஏற்றுக்கொண்டது. மோகனத்துக்கு ஐந்தே ஸ்வரங்கள். ஒன்றாம் கட்டையில் ஐந்தும் வெள்ளை. பிள்ளை இதை ஆயிரம் தரம் பாடியிருப்பதால், விரல் தப்பினால் காது உடனே அதட்டிவிடும். வாத்தியார் அருகில் இல்லாத நேரத்தில் வாத்தியார் வேலையைப் பார்க்கிற பாட்டு இது. ஆர்மோனியத்தோடு பிறந்த மெட்டு என்றே சொல்லத்தக்கது ஆர்மோனியத்துக்குத் திரும்பி வருவதில் ஒரு நியாயமும் இருக்கிறது.

சினிமாப் பாட்டே கூடாதா என்று கேட்பீர்கள். கூடாது என்று யார் சொன்னது? மூன்று மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் விண்ணப்பம். வேகமான பாட்டை முதலிலேயே எடுத்தால் கற்பவன் அதன் நான்கு ஸ்வரங்களை மட்டும் இரண்டு விரல்களால் குத்திக் குத்திப் பிடித்துக்கொள்கிறான். வீட்டார் சபாஷ் போடுகிறார்கள். அந்த இரண்டு விரல்கள் பிறகு பத்து வருஷமானாலும் மற்ற மூன்றுக்கு இடம் கொடுப்பதில்லை. நேர்ப்பாதையில் மண் சரிவது இங்கேதான்.

வாய் முன்னே, விரல் பின்னே

இதுவரையில் சொன்ன அனைத்தையும் ஒரே விதியில் கட்டிவிடலாம். எதையும் முதலில் வாயால் பாடு. பிறகு விரலால் தேடு.

கட்டையைப் பார்த்து எண்ணிக்கையால் வாசிப்பவனுக்குப் பெட்டி சொல்வதே வேதம். பாடிவிட்டு வாசிப்பவனுக்குப் பெட்டி வெறும் துணைக்காரன். பாட்டில் ஒரு ஸ்வரம் குழைந்து வரும்போது, “இதை நீ சொல்ல முடியாது, நான் சொல்லிக்கொள்கிறேன், நீ சுருதியைப் பிடி” என்று அவன் குரல் பெட்டியிடம் சொல்லிவிடும். கமகம் குரலில் பிழைத்திருக்கிறவரையில் ஆர்மோனியத்தால் அதற்கு ஆபத்தில்லை. பாடாமல் வாசிக்கக் கற்றவனிடத்தில்தான் ஆபத்து.

இதற்காகவே சுருதியையும் சீக்கிரம் மாற்றிப் பழக வேண்டும். ஆண் குரலுக்கு ஒன்றாம் கட்டையும் இரண்டாம் கட்டையும் ஒத்துவந்தால், பெண் குரலுக்குப் பெரும்பாலும் ஐந்து, ஐந்தரைக் கட்டை வேண்டியிருக்கும். அம்மாவோ அக்காவோ வந்து பக்கத்தில் உட்கார்ந்து பாடினால், பெட்டிக்காக அவர்கள் தொண்டையைத் தாழ்த்திக்கொள்ளக் கூடாது. வாசிப்பவன் தன் ஸட்ஜத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். தமிழ்த்தாய் வாழ்த்தை ஒன்றாம் கட்டையில் வாசிக்கத் தெரிந்தவன் அதையே ஐந்தாம் கட்டையில் வாசிப்பதற்குள் மறுபடியும் ஒரு வாரம் திண்டாடுவான். அந்தத் திண்டாட்டத்தில்தான் ஸ்வரம் என்பது கட்டையின் பெயரல்ல, ஸட்ஜத்தோடு அதற்குள்ள உறவின் பெயர் என்ற ஞானம் பிறக்கிறது.

தினம் அரைமணி நேரம் இதற்குப் போதும். ஐந்து நிமிஷம் ஸட்ஜத்தைப் பிடித்துத் துருத்திப் பயிற்சி. பத்து நிமிஷம் வரிசைகள். பத்து நிமிஷம் ஒரே ஒரு பாட்டு. கடைசி ஐந்து நிமிஷம் மனம் போனபடி எதையாவது தேடிப் பார்ப்பது. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் வாசித்துவிட்டு ஆறு நாள் ஓய்வெடுப்பதைவிட, நாள் தவறாத அரைமணி நேரம் எத்தனையோ மடங்கு மேல்.

பெட்டியின் உடல்நலம்

மலையடிவாரத்து வீடுகளுக்கு ஒரு வார்த்தை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் ஈரம் மரத்தை ஊதவைக்கும். கட்டைகள் ஒன்றோடொன்று உரசி எழாமல் நிற்கும். பித்தளை நாக்கில் களிம்பு ஏறினால் சுருதி பிசகும். ஆகவே பெட்டியைத் தரையில் வைக்காமல் பலகைமேல் வைத்து, துணியால் மூடிவையுங்கள். ஈரம் போகட்டும் என்று வெயிலில் காயப்போட்டுவிடாதீர்கள். பசை விட்டுப்போய்த் துருத்தி பிளந்துகொள்ளும். வாசித்து முடிந்ததும் துருத்தியை மூடிக் கொக்கியை மாட்டுங்கள். கரப்பான் பூச்சிக்கும் எலிக்கும் துருத்தியின் தோலும் துணியும் மிகவும் பிடித்தமானவை. எழாத கட்டையை, ‘விரலுக்கு வலு போதவில்லை’ என்று நினைத்து ஓங்கி அமுக்குகிறவர்களும் உண்டு. விரல் குற்றமா, பெட்டி குற்றமா என்று முதலில் பார்த்துவிடுவது இருவருக்கும் நல்லது.

ஆடி மாதத்தில் ஸரளி வரிசையைத் தொடங்குகிற ஒரு பிள்ளை, புரட்டாசிக்குள் மலஹரிக்கு வந்து, கார்த்திகைக்குள் ஒரு நோட்டு ஸ்வரத்தையும் ஒரு மோகனத்தையும் நேராக வாசித்துவிடலாம். மார்கழி பிறந்ததும் விடியற்காலைப் பனியில் பஜனை கோஷ்டியோடு போய் உட்காரட்டும். அங்கே அவனை யாரும் ராகமாலிகை வாசிக்கச் சொல்லப்போவதில்லை. பாடுகிறவர்களுடைய ஸட்ஜம் எந்தக் கட்டையில் இருக்கிறதென்று காதால் கண்டுபிடித்து, அதை அசையாமல் பிடித்துக்கொண்டு, தெரிந்த நாலு வரியில் அவர்களோடு கூடப் போனால் போதும். கோஷ்டியிலுள்ள பெரியவர் ஒருவர் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தாரானால், விரலுக்கு வேண்டிய வலு வந்துவிட்டது என்று அர்த்தம்.